கோடி 5.1 என்கிறது, தமிழில் போட்டால் 2.0 வருகிறது: அது யாருடைய விவரம்?

உறையூர்க்காரி எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி, கோடியை ஓட்டுவதற்கென்றே உள்ள லிப்ரெஎலெக் 12 இயங்குதளம், அதில் படங்களைத் தொகுத்து ஓட்டும் கோடி 21 நிரல். ஸ்கின் (கோடியின் திரைத் தோற்றம்) எஸ்சுவரிதான், அதில் கைவைக்கவில்லை. பையிலிருந்து எச்டிஎம்ஐ, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்கு, அங்கிருந்து டிவிக்கு. ஸ்பீக்கர் 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும். படங்கள் எல்லாம் மாடியறை நாஸில் (நெட்வொர்க் வழியாக எடுக்கும் சேமிப்புப் பெட்டி). நானும் அண்ணனும் பல வருஷமாக வாங்கிச் சேர்த்த டிவிடி, ப்ளூரே டிஸ்க்குகளை மேக்எம்கேவி வைத்து எம்கேவி கோப்பாக எடுத்து வைத்திருக்கிறோம்.

ஒரு படத்தின் தகவல் பக்கத்தைத் திறந்தால் கோடி சின்னச் சின்ன முத்திரைகளைக் காட்டும் இல்லையா? எந்த ரெசல்யூஷன், எந்த ஆடியோ, எத்தனை சேனல் என்று. அதில் 'டால்பி டிஜிட்டல், 5.1' என்று இருக்கும் படத்தைப் போடுகிறேன். ரிசீவர் முகப்பில் வரும் சேனல்களைக் காட்ட வரிசையாகக் குட்டிக் கட்டங்கள் இருக்கின்றன. அதில் எல், ஆர் இரண்டும் மட்டும் எரிகின்றன. நடுவில் இருக்கும் சி எரிவதில்லை, பின்பக்கத்துக்கு உரியவையும் எரிவதில்லை. எல்லாப் படத்திலும் இப்படி இல்லை. சிலவற்றில் முத்திரை சொல்வதும் ரிசீவர் சொல்வதும் சரியாகப் பொருந்துகின்றன. இன்னும் சிலவற்றில் முத்திரை 'ட்ரூஎச்டி, 7.1' என்கிறது, ரிசீவர் 'டால்பி டிஜிட்டல்' என்று காட்டி ஐந்து ஸ்பீக்கரும் பேசுகின்றன. அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை, ஆனால் சொல்வது ஒன்று வருவது ஒன்று என்பது அங்கேயும் இருக்கிறது.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இரண்டு காதிலும் கருவி. வசனம் சென்டர் ஸ்பீக்கரில் தனியாக வந்தால்தான் அவருக்குப் பிடிபடும். ரிசீவரில் சென்டரை மட்டும் 4 டெசிபல் ஏற்றி வைத்திருக்கிறேன். 5.1 உள்ள படம் என்றால் யாரையும் ஒன்றும் கேட்காமல் கடைசிவரை உட்கார்ந்து பார்க்கிறார், நடுவில் சிரிக்கிறார். 2.0, அதாவது இடது வலது மட்டும், வந்தால் பின்னணி இசையும் பேச்சும் ஒன்றாகக் குழைந்துவிடும். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் "தலை வலிக்குதும்மா" என்று எழுந்து போய்விடுவார். என்ன படம் பார்ப்பது என்று ரிமோட்டை வைத்துக்கொண்டு தேடுவது அவர்தான். ஆகவே போடுவதற்கு முன்னாலேயே அந்த முத்திரை உண்மையைச் சொல்ல வேண்டும். '5.1' என்று பார்த்து நம்பிப் போட்டு, ஏமாந்து எழுந்து போகக் கூடாது.

கோளாறு ரிசீவரிலா, கோடியிலா, கோப்பிலா? எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

ஒலிப்பெட்டி எழுதியது:

மேடம், முதலில் ரிசீவர் வரைக்கும் சிக்னல் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துவிடுவோம். இங்கே வருகிற கேள்விகளில் நிறைய அந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஆடியோ. இடது பக்கம் கீழே பல்சக்கரம் இருக்கும், அதை 'எக்ஸ்பர்ட்' வரை தள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதி வரிகள் கண்ணில் படாது. 'அலவ் பாஸ்த்ரூ' (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) ஆனில் இருக்க வேண்டும். அதன் கீழே உங்கள் ரிசீவருக்கு எதெல்லாம் புரியும் என்று ஒவ்வொன்றாக வரும்: ஏசி3 (டால்பி டிஜிட்டலின் இன்னொரு பெயர்), இ-ஏசி3, டிடிஎஸ், ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி. ரிசீவர் கையேட்டைப் பார்த்து, உள்ளதை மட்டும் ஆன் செய்யுங்கள். 'அவுட்புட் கான்ஃபிகரேஷன்' என்பது 'ஃபிக்ஸ்டு' என்று இருந்தால் பாஸ்த்ரூ நடக்காது. பிளேயர் பக்கத்தில் 'சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே' ஆனில் இருந்தாலும் நடக்காது. இந்த இரண்டாவதுதான் பலருக்குத் தெரியாமல் இருக்கிறது, படம் வழுக்கலாக ஓடட்டும் என்று ஆன் செய்துவிட்டு ஆடியோ பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அதே பக்கத்தில் 'நம்பர் ஆஃப் சேனல்ஸ்' என்ற வரியையும் பாருங்கள். பாஸ்த்ரூவில் போகும் ஒலியை அது தொடாது. ஆனால் ஏஏசி, ஃப்ளாக் மாதிரி கோடியே பிரித்து பிசிஎம்மாக (சுருக்கம் நீக்கிய ஒலியாக) அனுப்பும் ஒலிக்கு அதுதான் வரம்பு. அங்கே 2.0 என்று இருந்தால் 5.1 ஏஏசி முழுக்க இரண்டு சேனலாகச் சுருங்கி வரும், நீங்கள் சொல்வது போலவே எல், ஆர் மட்டும் எரியும். உங்கள் ஸ்பீக்கருக்குத் தகுந்தபடி அதை 5.1 ஆக்குங்கள்.

அடுத்தது. படம் ஓடும்போது ஒரு கீபோர்டைச் செருகி 'ஓ' எழுத்தை அழுத்துங்கள். ஒரு கட்டம் வரும், அதில் ஆடியோ டிகோடர் என்ற வரியைப் படியுங்கள். 'பிடி' என்று தொடங்கி ஏசி3, டிடிஎஸ் என்று முடிந்தால், கோடி ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புகிறது. 'எஃப்எஃப்' என்று தொடங்கினால் கோடியே எஃப்எஃப்எம்பெக் வைத்துப் பிரிக்கிறது, அப்போது ரிசீவர் 'பிசிஎம்' என்றோ 'மல்டி சேனல்' என்றோதான் காட்டும். அதில் தப்பொன்றும் இல்லை, பெயர் மட்டும் மாறும்.

கூடவே கோளாறு காட்டும் ஒரு கோப்பை, உள்ளே இருப்பதைக் காட்டும் மீடியாஇன்ஃபோ நிரலில் திறந்து, ஆடியோ பகுதியில் இருப்பதை முழுக்க இங்கே எழுதுங்கள். முழுக்க என்றால் முதல் டிராக் மட்டும் இல்லை, எல்லாமும்.

உறையூர்க்காரி எழுதியது:

நன்றி சார். நீங்கள் சொன்ன வரிசையிலேயே போனேன். பாஸ்த்ரூ ஆனில்தான் இருக்கிறது, 'சிங்க் பிளேபேக்' ஆஃப், சேனல் எண்ணிக்கை 5.1. 'ஓ' அழுத்தினால் 'பிடி ஏசி3' என்று வருகிறது. ஆக ஒலி பிரியாமல்தான் போகிறது.

மீடியாஇன்ஃபோ சொல்வது இது. முதல் ஆடியோ: தமிழ், ஏசி3, 2 சேனல், 192 கேபிபிஎஸ். இரண்டாவது: இந்தி, ஏசி3, 6 சேனல், 448 கேபிபிஎஸ். படம் தமிழில் ஓடுகிறது, ரிசீவர் இரண்டு கட்டம் காட்டுகிறது. ஆகவே ரிசீவர் சொல்வதுதான் உண்மை. ட்ரூஎச்டி என்று காட்டியதைத் திறந்தால், ஆங்கிலம் ட்ரூஎச்டி 8 சேனல், தமிழ் ஏசி3 6 சேனல்.

கோடியின் முத்திரை இந்தியின் 5.1-ஐயும் ஆங்கிலத்தின் 7.1-ஐயும் எடுத்துக் காட்டுகிறது என்று தோன்றுகிறது. முதல் டிராக்கை விட்டுவிட்டு இரண்டாவதை ஏன் எடுக்கிறது? நாங்கள் தமிழில்தான் கேட்போம் என்று அதற்குச் சொல்ல வழி இருக்கிறதா?

பொருநைக்கரை எழுதியது:

நீங்களே பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள் அம்மா. மீதியை நான் சொல்கிறேன். எக்ஸ்பிஎம்சி என்ற பெயர் இருந்த நாளிலிருந்து, அதாவது 2014-இல் 14-ஆம் பதிப்பு வந்து அது கோடி ஆவதற்கு முன்னாலிருந்தே, இதை வீட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பல மொழி டிராக் வைத்திருக்கும் நம்மூர்க்காரர்களை இது மற்றவர்களைவிட அதிகமாகக் குழப்பும்.

கோடிக்குள் ஆடியோ விவரம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளேயர் தருவது. அது இப்போது காதில் விழும் டிராக்கைப் பற்றியது, பொய் சொல்லாது. ஸ்கின் எழுதுகிறவர்கள் அதை 'வீடியோபிளேயர்.ஆடியோகோடெக்' என்று கூப்பிடுவார்கள். இன்னொன்று, படத்தைப் போடுவதற்கு முன்னால் பட்டியலிலும் தகவல் பக்கத்திலும் வருவது, 'லிஸ்ட்ஐட்டம்.ஆடியோகோடெக்'. இது நூலக டேட்டாபேஸிலிருந்து வருகிறது. கோப்பு நூலகத்தில் சேர்ந்தபோது அதில் என்னென்ன டிராக் இருந்தன என்று கோடி ஒரு முறை பார்த்து எழுதி வைத்துக்கொண்டது அது. நீங்கள் பார்க்கும் முத்திரை இந்த இரண்டாவது வகை.

அந்தக் கோப்பில் நான்கு டிராக் இருந்தால் முத்திரைக்கு இடம் ஒன்றுதான். கோடி எதை எடுக்கும்? அதிகச் சேனல் உள்ளதை. சேனல் எண்ணிக்கை சமமாக இருந்தால் கோடெக் (ஒலியைச் சுருக்கும் முறை) தரத்தைப் பார்க்கும், ஃப்ளாக், ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் மாதிரி இழப்பில்லாதவை மேலே, ஏசி3 எல்லாம் கீழே. மொழியை அது இந்த இடத்தில் பார்ப்பதே இல்லை. எந்த டிராக் முதலில் இருக்கிறது என்பதும் கணக்கில் வராது. 'உன் அப்பா எப்படி இருப்பார்?' என்று கேட்டால் வீட்டிலேயே உயரமானவரைக் கைகாட்டுகிற மாதிரி. உங்கள் கோப்பில் இந்தி 6, தமிழ் 2, ஆகவே முத்திரை 5.1. அடுத்ததில் ஆங்கிலம் 8, தமிழ் 6, ஆகவே 7.1. (டேட்டாபேஸில் 5.1 என்பது 6 என்றும் 7.1 என்பது 8 என்றும் இருக்கும், ஸ்கின்தான் அதை நமக்குப் பழகிய எண்ணாக மாற்றிக் காட்டுகிறது.)

ஒரே மொழி உள்ள டிஸ்க்கை வைத்திருப்பவருக்கு இந்த ஏற்பாட்டால் நஷ்டம் எதுவும் வராது. கோப்பின் உயர்ந்த தரம் என்ன என்று அவருக்குச் சரியாகவே சொல்கிறது. ஒரே டிஸ்க்கில் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்றும், அவற்றில் ஒன்றுக்கு மட்டும் 5.1-ம் கொடுத்துப் பழகிய ஊரில்தான் அது உதவாமல் போகிறது. தமிழ் டப்பிங்குக்கு 2.0 போதும் என்று டிஸ்க் தயாரிப்பவர்கள் நினைப்பது எனக்கு நெடுநாள் வருத்தம். வசனம் புரியாமல் எழுந்து போகிறவர்கள் உங்கள் அப்பா ஒருவர் மட்டும் இல்லை.

ஓடும்போது சரியான டிராக் வர, செட்டிங்ஸ், பிளேயர், லாங்வேஜ் பக்கத்தில் 'ப்ரிஃபர்டு ஆடியோ லாங்வேஜ்' என்பதைத் தமிழ் ஆக்குங்கள். தமிழ் என்று குறித்த டிராக் இரண்டு இருந்தால், ஒன்று 2.0 ஒன்று 5.1 என்றால், கோடி 5.1-ஐயே எடுக்கும். அதே பக்கத்தில் 'ப்ரிஃபர் டிஃபால்ட் ஆடியோ ஸ்ட்ரீம்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, அதை ஆஃபில் வையுங்கள். இல்லாவிட்டால் கோப்பில் டிஃபால்ட் என்று கொடி நட்ட 2.0 முந்திக்கொள்ளும். ஏதாவது படத்தில் யாராவது கையால் டிராக் மாற்றியிருந்தால் அந்தப் படத்துக்கு மட்டும் கோடி அதை நினைவில் வைத்திருக்கும். அதையும் ஒரு தடவை கையாலேயே தமிழுக்கு மாற்றிவிட வேண்டும்.

தமிழ் 2.0 மட்டுமே உள்ள படங்களுக்கும் வழி இருக்கிறது. ரிசீவரில் 'டால்பி சரவுண்ட்' மோடு இருக்கும், பழைய ரிசீவர் என்றால் 'ப்ரோ லாஜிக் 2'. இரண்டு பக்கமும் சமமாக வரும் ஒலியை, பெரும்பாலும் அது வசனம்தான், சென்டருக்கு நகர்த்துவதுதான் அதன் வேலை. நீங்கள் ஏற்றி வைத்த 4 டெசிபல் அப்போது இந்தப் படங்களுக்கும் பயன்படும். கோடியின் ஆடியோ செட்டிங்ஸில் உள்ள 'ஸ்டீரியோ அப்மிக்ஸ்' ஆஃபிலேயே இருக்கட்டும், ரிசீவருக்குச் சுத்தமான 2.0 போனால்தான் அது பிரிக்க முடியும். உண்மையான 5.1 அளவுக்கு வராது. ஆனால் அப்பா எழுந்து போகாமல் இருக்க இது போதும் என்று நினைக்கிறேன். இன்றைக்கே போட்டுப் பாருங்கள்.

பெங்குவின்தம்பி எழுதியது:

அக்கா, பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'ப்ரிஃபர்டு லாங்வேஜ்' தமிழ் என்று வைத்தாலும், கோப்புக்குள் அந்த டிராக்குக்குத் தமிழ் என்று மொழிக்குறி இருந்தால்தான் கோடிக்குத் தெரியும். மூன்று எழுத்துக் குறி, தமிழுக்கு டி-ஏ-எம். என்னிடம் உள்ள டிவிடிகளில் தமிழ் டிராக்குக்கு ஆங்கிலம் என்று குறித்த டிஸ்க் உண்டு, குறியே இல்லாததும் உண்டு. டிஸ்க்கில் என்ன இருக்கிறதோ அதையே மேக்எம்கேவி கொண்டுவரும்.

திருத்துவது சுலபம். எம்கேவிடூல்நிக்ஸ் நிரலைத் திறந்து 'ஹெடர் எடிட்டர்' பகுதிக்குள் கோப்பை இழுத்துப் போடுங்கள். இடது பக்கம் டிராக்குகள் வரும். ஆடியோ டிராக்கைத் தொட்டு, லாங்வேஜ் வரியில் தமிழைத் தேர்ந்தெடுத்து, சேவ். கோப்பை மறுபடி உருவாக்குவதில்லை, தலைப்பகுதியில் சில பைட்டுகள் மட்டும் மாறுகின்றன. அதனால் 30 ஜிபி கோப்பாக இருந்தாலும் நாஸில் வைத்தபடியே சில விநாடியில் முடியும். டிராக்குக்குப் பெயர் வைக்கும் வரியும் அங்கேயே இருக்கிறது. 'தமிழ் 5.1' என்று எழுதிவிட்டால், படம் ஓடும்போது டிராக் மாற்றும் பட்டியலில் அந்தப் பெயர் தெரியும், அப்பாவுக்கும் சுலபம்.

இதற்கு அப்புறம்தான் பலரும் மாட்டிக்கொள்வார்கள். கோப்பைத் திருத்தியதை டேட்டாபேஸ் தானாகக் கவனிக்காது. 'அப்டேட் லைப்ரரி' கொடுத்தாலும் பழையதே நிற்கும். ஏற்கெனவே நூலகத்தில் உள்ள படத்தை அது திரும்பத் திறந்து பார்ப்பதில்லை. நிச்சயமான வழி: படத்தைச் சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். நிறுத்தும்போது கோடி, பிளேயர் கண்ட டிராக் விவரத்தையும் டேட்டாபேஸில் இருப்பதையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் புதியதை எழுதிவிடும்.

படங்கள் பக்கத்தில், படத்தின் விவரம் எழுதிய என்எஃப்ஓ கோப்புகள் இருக்கின்றனவா? வேறு ஏதாவது மேனேஜர் நிரல் வைத்து உருவாக்கியிருந்தால் அதற்குள் 'ஸ்ட்ரீம்டீடெய்ல்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும், கோடெக், சேனல், மொழி எல்லாம் எழுதி. கோடி படத்தைச் சேர்க்கும்போது அதை அப்படியே நம்பி எடுத்துக்கொள்ளும். நீங்கள் எம்கேவியைத் திருத்திய பிறகும் என்எஃப்ஓ பழைய பாட்டையே பாடும். 'ரிஃப்ரெஷ்' கொடுக்கும்போது உள்ளூர்த் தகவல் இருக்கிறது, அதைத் தள்ளிவிட்டு இணையத்திலிருந்து எடுக்கவா என்று கோடி கேட்பது இந்தக் கோப்பைப் பற்றித்தான். ஒன்று அந்த மேனேஜரை வைத்தே புதிதாக எழுதவையுங்கள், அல்லது நோட்பேடில் திறந்து அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிடுங்கள்.

உறையூர்க்காரி எழுதியது:

தம்பி, என்எஃப்ஓ இருக்கிறது, அண்ணன் ஒரு நிரலை வைத்து உருவாக்கியது. திறந்து பார்த்தேன். நீ சொன்ன பகுதி எல்லாவற்றிலும் இருக்கிறது, சிலவற்றில் ஆடியோ ஒன்றே ஒன்றுதான் எழுதியிருக்கிறது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மொழிக்குறியைச் சரிசெய்து ஓடவிட்டேன். இப்போது தமிழ் டிராக் தானாக வருகிறது. முன்பு அப்பா ஒவ்வொரு படத்துக்கும் என்னைக் கூப்பிட்டு டிராக் மாற்றச் சொல்வார், அது நின்றது.

பொருநைக்கரை சார், டால்பி சரவுண்ட் மோடு போட்டதும் வித்தியாசம் உடனே தெரிந்தது. 2.0 படத்தில் வசனம் நடுவிலிருந்து வருகிறது. பாட்டுக் காட்சியில் பாடுகிற குரலும் சேர்ந்து நடுவுக்கு வந்து கொஞ்சம் கூட்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பா கடைசிவரை உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இருந்தாலும் உண்மையான தமிழ் 5.1 உள்ள படங்களைத் தனியாகப் பிரித்துக் காட்ட ஆசை. அதற்கு ஸ்மார்ட் ப்ளேலிஸ்ட் செய்தேன்: ஆடியோ மொழி தமிழ், ஆடியோ சேனல் 5-க்கு மேல், இரண்டு விதியும் பொருந்த வேண்டும் என்று. அந்த இந்தி 5.1, தமிழ் 2.0 படமும் பட்டியலில் வந்து நிற்கிறது. ஏன்?

பொருநைக்கரை எழுதியது:

அம்மா, அந்த இரண்டு விதிகளும் ஒரே டிராக்கைப் பார்ப்பதில்லை. 'இந்தக் கோப்பில் தமிழ் டிராக் இருக்கிறதா?' இருக்கிறது. 'இந்தக் கோப்பில் 5-க்கு மேல் சேனல் உள்ள டிராக் இருக்கிறதா?' அதுவும் இருக்கிறது, இந்தி. இரண்டுக்கும் ஆம் என்றால் படம் உள்ளே வந்துவிடும். ஸ்மார்ட் ப்ளேலிஸ்ட்டில் இரண்டையும் ஒரே டிராக்கோடு முடிச்சுப்போட இடம் இல்லை.

டேட்டாபேஸிடம் நேரே கேட்டால் பதில் வரும். லிப்ரெஎலெக் 'யூசர்டேட்டா' ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிர்ந்து வைத்திருக்கும். அதற்குள் 'டேட்டாபேஸ்' ஃபோல்டரில் 'மைவீடியோஸ்131' என்ற கோப்பு இருக்கிறது, கோடி 21-க்கு அந்த எண். அதை உங்கள் கணினிக்குப் பிரதி எடுத்து, பிரதியை மட்டும் எஸ்க்யூலைட் பிரவுசரில் திறவுங்கள். மூலக் கோப்பைத் தொட வேண்டாம். 'ஸ்ட்ரீம்டீடெய்ல்ஸ்' என்ற அட்டவணையில் டிராக்குக்கு ஒரு வரி இருக்கும். 'ஐஸ்ட்ரீம்டைப்' வீடியோவுக்கு 0, ஆடியோவுக்கு 1, சப்டைட்டிலுக்கு 2. ஆடியோ மொழி தமிழ்க் குறி, சேனல் 6 அல்லது அதற்கு மேல் என்று ஒரே வரியில் வடிகட்டி, அதை 'மூவி_வியூ' உடன் 'ஐடிஃபைல்' வழியாக இணைத்தால் படப் பெயர்கள் வந்துவிடும். பெயர் இருக்கும் நெடுவரிசை 'சி00'. இங்கே நிபந்தனை இரண்டும் ஒரே வரிக்கு, அதாவது ஒரே டிராக்குக்கு. அதனால் இந்தி புகுந்து குழப்பாது.

வந்த பெயர்களுக்குக் கோடியில் ஒரு டேக் வைத்துவிடுங்கள், 'அப்பா' என்றே வைக்கலாம். வீடியோ டேக் மெனுவிலிருந்து அந்தப் பட்டியல் ஒரே அழுத்தலில் திறக்கும். புதுப் படம் சேரும்போது கையால் சேர்க்க வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் வேலை.

பெங்குவின்தம்பி எழுதியது:

அக்கா, முத்திரையிலேயே வர வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. கோடி ஒவ்வொரு டிராக்கின் விவரத்தையும் தனித்தனியாக ஸ்கின்னுக்குக் கொடுக்கிறது: 'ஆடியோலாங்வேஜ்.1', 'ஆடியோசேனல்ஸ்.1', 'ஆடியோகோடெக்.1', அடுத்த டிராக்குக்கு 2, 3 என்று. எஸ்சுவரி இவற்றை எடுத்துக் காட்டாமல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

லிப்ரெஎலெக்கில் ஸ்கின் இருக்கும் இடத்தில் எழுத முடியாது. எஸ்சுவரி ஃபோல்டரை உங்கள் ஆடான்ஸ் ஃபோல்டருக்குப் பிரதி எடுத்து, ஃபோல்டர் பெயரையும் ஆடான் எக்ஸ்எம்எல்லில் உள்ள ஐடியையும் மாற்றிவிடுங்கள். தகவல் பக்கத்தின் எக்ஸ்எம்எல்லில் ஒரு லேபிள் சேருங்கள்: டிராக் 1-இன் மொழி தமிழ்க் குறியாக இருந்தால் மட்டும் தெரிய வேண்டும், தெரியும்போது 'தமிழ்' என்ற சொல்லும் அந்த டிராக்கின் சேனல் எண்ணும். அதையே 2, 3, 4-க்கும் எண்ணை மட்டும் மாற்றி. நான்குக்கு மேல் டிராக் உள்ள டிஸ்க் உங்களிடம் இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு சேருங்கள். எழுத்தளவைப் பெரிதாக வையுங்கள், அப்பா சோபாவிலிருந்து படிக்க வேண்டுமே. எக்ஸ்எம்எல்லை நான் என் ஸ்கின்னில் செய்து பார்த்துவிட்டு நாளை இரவு இங்கே ஒட்டுகிறேன்.

உறையூர்க்காரி எழுதியது:

ஒட்டு தம்பி, காத்திருக்கிறேன். சேனல் எண் 6 என்று வந்தாலே போதும், 5.1 என்று மாற்றிக் காட்ட வேண்டாம், 6 என்றால் போடலாம், 2 என்றால் ரிசீவரில் மோடு மாற்ற வேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். டேட்டாபேஸ் வழியும் செய்தேன் சார். பட்டியல் வந்தது, நான் நினைத்ததைவிட நிறையப் படங்களில் தமிழ் 5.1 இருக்கிறது. 'அப்பா' டேக் வைத்து முகப்பில் பிடித்தமானவைகளில் சேர்த்தாயிற்று.

கடைசியாக ஒன்று. அண்ணன் கொடுத்த சில எம்பி4 கோப்புகளை ஹெடர் எடிட்டர் திறக்க மறுக்கிறது.

பெங்குவின்தம்பி எழுதியது:

அது மட்ரோஸ்கா, அதாவது எம்கேவி வகைக் கோப்புகளுக்கு மட்டும்தான் அக்கா. எம்கேவிடூல்நிக்ஸின் 'மல்டிப்ளெக்சர்' பகுதியில் எம்பி4-ஐப் போட்டு, மொழியை அங்கேயே குறித்து, எம்கேவியாக எடுத்துவிடுங்கள். தரம் குறையாது, வீடியோவும் ஆடியோவும் அப்படியே இருக்கும், அவற்றைச் சுமக்கும் பெட்டி மட்டும் மாறும். ஆனால் இது புதுக் கோப்பை எழுதும் வேலை, நாஸில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதுக் கோப்பு வந்ததும் பழையதை நீக்கி, 'க்ளீன் லைப்ரரி' கொடுத்து, அப்புறம் 'அப்டேட்'. அந்தப் படங்களுக்கு 'அப்பா' டேக்கை மறுபடி வைக்க வேண்டியிருக்கும்.